இடமிருந்து மூன்றாவது

ஒரு தாயின் முகத்துக்கு விலை நாற்பத்தைந்து வெள்ளி. கண்ணாடியும் மரச்சட்டமும் வேண்டுமென்றால் அறுபது. இரண்டாயிரத்து மூன்றில் காளிதாசன் கடையில் அதுதான் நிலவரம். கல்யாணப் படம் என்றால் அவன் விலையை ஏற்றிச் சொல்லிவிட்டு இறங்கி வருவான். துக்கத்தில் வருகிறவர்கள் பேரம் பேச மாட்டார்கள் என்பது தெரிந்திருந்ததால், செத்தவர் படத்துக்கு மட்டும் ஐந்து வெள்ளியை முன்கூட்டியே குறைத்து வைத்திருந்தான். தொழிலில் அவன் செய்த தர்மம் அவ்வளவுதான்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணி பாக்கார் ஆராங்கில், சலவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது காளி ஸ்டூடியோ. முப்பது வருஷமாக அந்த வட்டாரத்துத் தமிழர்களில் காளிதாசனின் கேமராவுக்குள் விழாமல் தப்பியவர்கள் குறைவு. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தீமிதி, தமிழ்ப்பள்ளி ஓட்டப்பந்தயம், தேர்தல் நெருங்கினால் அட்டையில் செய்த ஆளுயரக் காசோலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டும் தலைவர்கள். காசோலை வங்கிக்குப் போனதோ இல்லையோ, படம் பேப்பருக்குப் போய்விடும். தோட்டங்கள் கைமாறி, ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் முளைத்த பிறகு, "எங்க கோயில் எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சு?" என்று நாலு பேருக்குள் தகராறு வந்தால் தீர்ப்பு காளிதாசனின் பெட்டியில்தான் இருந்தது. அவன் படம் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அப்படிப்பட்டவனுடைய படம் ஒன்று, பத்து நிமிட தூரத்தில் ஒரு வீட்டுச் சுவரில், மாலையும் பொட்டுமாக இருபத்திரண்டு வருஷமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். சிடாம் கிரி பக்கத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டிக்கொண்டிருந்த சின்னையாவின் மனைவி உமாராணி, டெங்கிக் காய்ச்சலில் ஆறே நாளில் போய்விட்டாள். வயது இருபத்தொன்பது. லயன் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது கல்யாண ஆல்பம் பக்கத்தோடு பக்கம் ஒட்டிப் பலகையாகிவிட்டது. ஐசியில், அதாவது அடையாள அட்டையில், ஒரு படம் இருந்தது. சாவைப் பதியப் போன இடத்தில் ஐசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதினாறாம் நாள் சடங்குக்குப் படம் வேண்டும். மூன்று வயது மகள் நளினியைத் தோளில் போட்டுக்கொண்டு சின்னையா மாடியேறி வந்தார். குழந்தை அழுது அழுது குரல் போய், வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"திருவிழாவுல நீங்க எடுத்த படத்துல அவ இருக்கா தம்பி. பால்குடம் எடுத்தா."

கோயில் கமிட்டியின் ஆல்பத்தை இரவல் வாங்கி வந்திருந்தார். கோயில் வாசலில் பெண்கள் இரண்டு வரிசையாகத் தலையில் குடத்தோடு நின்றார்கள். சின்னையா விரல் வைத்துக் காட்டினார். காளிதாசன் ரசீதுப் புத்தகத்தில் எழுதினான்: முன்வரிசை, இடமிருந்து 3. ஆல்பத்தை அன்றைக்கே கமிட்டிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சின்னையா கையோடு கொண்டுபோய்விட்டார்.

அந்த வாரம் காளிதாசனுக்கு மூன்று கல்யாணம். மூன்றாவது கல்யாணத்துப் பிரியாணி செரிக்காமலேயே இருட்டறைக்குள் நுழைந்து, நெகட்டிவை எடுத்து மாட்டி, இடமிருந்து மூன்று முகம் எண்ணி, பெரிதாக்கி, தலைமேல் இருந்த குடத்தை மறைத்து, பின்னால் மேகம் மாதிரி கொஞ்சம் வெள்ளையும் போட்டு முடித்துவிட்டான். நெகட்டிவைப் புரட்டி மாட்டியிருந்தான். புரட்டி மாட்டினால் இடம் வலமாகும், வலம் இடமாகும். தொழில் பழகிய முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம். முதல் வாரப் பாடத்தைத்தான் எட்டாம் வருஷத்தில் மறப்பார்கள்.

சின்னையா வந்து படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "ஆமா, அவதான்" என்று சொல்லிப் பணத்தை எண்ணி வைத்தார். சடங்கன்று அண்டை வீட்டுக்காரி ஒருத்தி, "கொஞ்சம் வேற மாதிரி தெரியுதே" என்றாளாம். "படத்தைப் பெருசாக்கினா முகம் மாறும்" என்று இன்னொருத்தி அடக்கிவிட்டாள். புருஷனே ஒப்புக்கொண்ட முகத்தில் ஊருக்கு என்ன வழக்கு?

ஒரு மாதம் கழித்து, யான் என்ற ஊரிலிருந்து ஒரு பெண் பேருந்து ஏறி வந்தாள். பெயர் மருதம்மாள். தங்கையின் வேண்டுதலுக்காகச் சிடாம் கிரி திருவிழாவில் அவளும் பால்குடம் எடுத்தாளாம். "அந்தப் படத்துல ஒரு காப்பி போட்டுத் தாங்கண்ணே. முன்வரிசையில, வலது பக்கத்துலேர்ந்து மூனாவது ஆளு நான்தான்" என்று எண்பது காசுப் படத்துக்கு ஒரு வெள்ளித் தாளை நீட்டினாள்.

காளிதாசன் நிமிர்ந்தான். பதினாறாம் நாள் மாலை போட்ட முகம் எதிரே நின்று சிரித்தது. அவன் செய்த முகத்தில் மூக்குத்தி இடப்பக்கம். இவளுக்கு வலப்பக்கம். அந்த ஒரு கணத்தில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

உயிரோடு இருக்கிற சுமங்கலிக்கு மாலை போட்டு விளக்கேற்ற வைத்தவன் என்று வெளியே தெரிந்தால், கடைக்குப் பூட்டு வாங்கும் செலவுகூட மிச்சம். ஊரே வந்து சாத்திவிடும். "அடுத்த வாரம் வாங்கக்கா" என்றான். வயதில் அவனுக்கு இளையவள்தான். ஆனால் முன்பணம் கொடுத்தவர்கள் எல்லோரும் அக்கா. அடுத்த வாரம் வந்தபோது, "நெகட்டிவ் பூஞ்சை புடிச்சுப் போச்சுக்கா" என்று ஒரு வெள்ளியைத் திருப்பி நீட்டினான்.

"பரவால்ல வெச்சிருங்க. அடுத்த படத்துல கழிச்சுக்கலாம்" என்று போய்விட்டாள்.

அன்று மாலையே கடையைச் சாத்திக்கொண்டு, நெகட்டிவைச் சரியான பக்கம் மாட்டி, இடமிருந்து மூன்றாவது முகத்தைப் பிரதி எடுத்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள் உண்மையான உமாராணி. அதைக் காகித உறையில் போட்டு மேசையின் அடி இழுப்பறையில் வைத்தான். நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றுதான் வைத்தான். அந்த நாளைக்கு இருபத்திரண்டு வயது ஆகிவிட்டது.

இதற்கிடையில் சின்னையா தோட்டத்தை விட்டு வெளியேறி, தொழிற்சாலையில் ஜாகாவாக, வாசல் காவலுக்குச் சேர்ந்து, பாக்கார் ஆராங்கிலேயே ஒரு வரிசை வீட்டுக்கு வந்துவிட்டார். வருஷா வருஷம் திதிக்குக் காளிதாசனைக் கூப்பிடுவார்கள். அவனும் போய்ச் சும்மாவே படம் எடுத்துக் கொடுப்பான். "அங்கிள் மாதிரி மனுஷன் உண்டா" என்று நளினி எல்லோரிடமும் சொல்வாள். தொழிலில் ஒருவன் சும்மா கொடுக்கிறான் என்றால் அவனிடம் ஏதோ களவு இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பரீட்சை முடிவு வந்தால் அம்மா படத்துக்குக் காட்டுவாள். முதல் சம்பளத்தை அம்மா படத்தின் கீழே வைத்தாள். பதினாறு வயதில் மூக்குக் குத்திக்கொண்டபோது, "எங்கம்மாவுக்கு இந்தப் பக்கம்தான்" என்று சொல்லி இடப்பக்கம் குத்திக்கொண்டாள். அதையும் காளிதாசன்தான் படம் எடுத்தான். இரண்டு படம் கெட்டது.

இந்த வருஷம் ஆடி முடிகிற சமயம், திவாகரன் என்கிற இளைஞன் கல்யாணப் பேக்கேஜ் விசாரிக்கக் கடைக்கு வந்தான். கையுறைத் தொழிற்சாலையில் மெக்கானிக். நளினி அங்கேதான் கிளார்க். பெண்ணும் அவனும் பேசி முடித்து, பெரியவர்கள் உணவகத்தில் சந்தித்துச் சம்மதமும் ஆகிவிட்டது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே போட்டோக்காரர் என்றால் விலை குறையும் என்பது அவன் கணக்கு.

"அம்மா கீழ காடியில இருக்காங்க அங்கிள். படி ஏற முடியல, முட்டி வலி. இருங்க, கூட்டிட்டு வரேன்."

வேண்டாம் தம்பி, நானே இறங்குகிறேன் என்று சொல்வதற்குள் அவன் போய்விட்டான். ஒவ்வொரு படியாக மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்த அம்மாள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு காளிதாசனைப் பார்த்தாள்.

"நீங்க பூஞ்சைக்காரர் இல்ல?"

காளிதாசன் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"டேய் திவா, இவரப் பத்தித்தான்டா சொல்வேனே! என் ஒரு வெள்ளி இவர்ட்ட இருக்கு. வட்டி போட்டா இந்நேரம் கல்யாணச் செலவே முடிஞ்சிருக்கும்" என்று மருதம்மாள் சிரித்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் கன்னம் தொங்கி, தலை நரைத்து, கண்ணாடி ஏறியிருந்தது. படத்தையும் இவளையும் வெளியாள் ஒருவன் சேர்த்துப் பார்த்தால் கண்டுபிடிக்க மாட்டான். நளினிகூடக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் தன் முப்பது வயது முகத்தைத் தானே அடையாளம் தெரியாத பெண் இந்த உலகத்தில் உண்டா? அதுவும் புரட்டிப் போட்ட முகம். கண்ணாடியில் தினம் பார்த்த அதே முகம். ஊரே ஏமாந்தாலும் ஏமாற முடியாத ஒரே ஆள் அவள்தான்.

"பொண்ணுக்கு அம்மா இல்லியாம் பாவம்" என்றாள் மருதம்மாள். "பரிசத்துக்குப் போறப்ப மொதல்ல அந்தம்மா படத்துக்கு நான் மாலை போட்டு, 'உன் பொண்ண எனக்குக் குடு'ன்னு கேக்கணுமாம். அவுங்க வீட்டு முறை. நல்ல முறைதான் இல்ல? அத நீங்க நல்லா எடுக்கணும்ண்ணே. பூஞ்சை புடிக்காம."

பரிசம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கையில் ஆறு நாள்.

முதல் நாளே நளினிக்குப் போன் செய்து, அன்றைக்கு யானில் ஒரு காதுகுத்து இருப்பதாகச் சொன்னான். "அப்ப நாங்க தேதிய மாத்திக்கறோம் அங்கிள். நீங்க இல்லாம எப்படி?" என்றாள். எலி பொறிக்குள் போன பிறகு, பொறி எவ்வளவு அன்பாகப் பிடித்துக்கொள்கிறது! மறுநாள் வீட்டுக்கே போனான். இப்போது கம்ப்யூட்டரில் பழைய படத்தைப் புதிதாக்க முடியும், நாலு நாள் கொடுத்தால் அம்மா படத்தைத் தெளிவாக்கிக் கலரிலேயே தருகிறேன், ஒரு காசு வேண்டாம் என்றான். மூக்கைக் கொஞ்சம் நீட்டி, கன்னத்தைக் கொஞ்சம் இறக்கி, மருதம்மாளே அடையாளம் காணாதபடி செய்துவிடலாம் என்பது அவன் திட்டம்.

நளினி துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா முகத்துல கை வைக்காதீங்க அங்கிள்."

"நல்லாத்தான் இருக்கும்லா. இன்னும் அழகா..."

"எனக்கு அம்மான்னா இந்த முகம்தான். வேற நெனப்பே இல்ல. நீங்க அத மாத்திட்டீங்கன்னா எனக்கு எதுவுமே இல்ல." பிறகு அவளே சங்கடப்பட்டுச் சிரித்தாள். "கோச்சுக்காதீங்க. தண்ணி கலக்கட்டா? மைலோவா, கோப்பியா?"

கோப்பியைக் குடிக்கும்போது சுவரில் இருந்த முகம் அவனையே பார்த்தது. நெற்றியில் இருபத்திரண்டு வருஷக் குங்குமம் கண்ணாடிமேல் சிறு மேடாகக் காய்ந்திருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம், தொழிற்சாலை வாசலில் இருந்த ஜாகா கொட்டகைக்குப் போனான். சின்னையா தடுப்புக் கம்பைத் தூக்கி ஒரு லாரியை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் படத்தப் பத்தி ஒரு விஷயம்."

"எந்தப் படம்?"

"அண்ணியோட படம்."

சின்னையா கம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. "அது அவ இல்லன்னு சொல்ல வந்தீங்களா?"

காளிதாசன் உட்கார இடம் தேடினான். கொட்டகையில் ஒரே நாற்காலி. அதில் சின்னையாவின் சாப்பாட்டு அடுக்கு இருந்தது.

"ஏழு வருஷம் கூட வாழ்ந்தவ மொகம் எனக்குத் தெரியாதா தம்பி? பார்த்த ஒடனே தெரிஞ்சிச்சு. திருப்பிக் குடுத்து உங்கள நாலு வார்த்தை கேக்கலாம்னுதான் வாயத் தொறந்தேன். தோள்ல இருந்த புள்ள கைய நீட்டிச்சு. 'ம்மா'ன்னுச்சு. பன்னெண்டு நாளு தூங்காத புள்ள, அந்தப் படத்த மடியில வெச்சுக்கிட்டு பஸ்சுலயே தூங்கிருச்சு. அத எப்படிப் புடுங்குவேன்?"

"எனக்கும் ஒரு மாசத்துலயே தெரியும்ண்ணே."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன்."

"நல்லாருக்கு" என்றார் சின்னையா. "நீங்க, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு, வருஷா வருஷம் சும்மா வந்தீங்க. நான், உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சு, வருஷா வருஷம் சோறு போட்டேன்." கம்பைக் கை மாற்றிப் பிடித்தார். "நான் அந்தப் படத்த நிமிந்து பார்க்கறதே இல்ல தம்பி. கும்பிடறப்ப கண்ண மூடிக்குவேன். மூடினாத்தான் அவ வருவா."

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. "அந்தப் படத்துல இருக்கறவங்க உயிரோட இருக்காங்கண்ணே. உங்க சம்பந்தியம்மாதான் அது."

கம்பு சின்னையாவின் கையை விட்டு நழுவி, வந்துகொண்டிருந்த அடுத்த லாரியின் மூக்கில் விழுந்தது. ஓட்டுநர் தலையை நீட்டி மலாயில் நாலு கேள்வி கேட்டான். சின்னையா அவனிடம் மன்னிப்புக் கேட்டு, கம்பைத் தூக்கி, லாரி உள்ளே போகும்வரை தூக்கியபடியே நின்றார்.

"எனக்குச் சுகர் இருக்கு தம்பி" என்றார் கடைசியில். "இதெல்லாம் என்கிட்ட சொல்லாதீங்க. பொண்ணு இப்பத்தான் சிரிச்ச மொகமா இருக்கு. படத்த எடுத்தமா, போனமான்னு இருங்க."

காளிதாசன் படியிறங்கினான். சின்னையா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அவ படம் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்குண்ணே."

"சிரிச்சிருக்காளா?"

"இல்ல. வெயிலுக்குக் கண்ணச் சுருக்கிருக்காங்க."

"ஆமா. வெயில் அவளுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு அடுக்கை நகர்த்தி உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் பதினோரு தட்டுகளோடு வந்து இறங்கினார்கள். வாசலில் கூடாரம், ஒலிபெருக்கியில் நாதஸ்வரம், செருப்புகள் சாலை வரைக்கும். கூடம் நிறைந்து மூச்சுவிட இடமில்லை. காளிதாசன் சுவரோடு சுவராக, கேமராவைக் கண்ணிலிருந்து இறக்காமல் நின்றான். அந்தச் சின்னச் சதுரத்துக்குப் பின்னால் நிற்கிறவரை தன்னை யாரும் பார்க்க முடியாது என்று முப்பது வருஷமாக அவனுக்கு ஒரு நம்பிக்கை.

"சம்பந்தியம்மா வாங்க, மொதல்ல மாலை" என்றார் பூசாரி.

சின்னையா அடுப்படிக்கு நழுவினார். மருதம்மாள் மல்லிகை மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படத்தின் முன்னால் வந்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

சதுரத்துக்குள் காளிதாசன் முதலில் அவள் முதுகைத்தான் பார்த்தான். முதுகு அசையவில்லை. படத்தின் கண்ணாடியில் அவளுடைய இப்போதைய முகம் நிழலாக விழுந்து, உள்ளே இருந்த முகத்தின் மேல் சரியாகப் பொருந்தி நின்றது. அவள் வலது கை மாலையோடு சேர்ந்து மெதுவாக மேலே போய்த் தன் மூக்குத்தியைத் தொட்டது.

"என்னக்கா, போடுங்க" என்றது ஒரு குரல். "அழறாங்க போல" என்றது இன்னொன்று. "போட்டோக்காரரே, புடிங்க, புடிங்க! இதான் ஷாட்டு!"

மருதம்மாள் திரும்பினாள். நேராகக் கேமராவைப் பார்த்தாள். முப்பது வருஷ நம்பிக்கை அந்த ஒரு பார்வையில் தீர்ந்தது.

"இந்த மாலைய நான் போடக்கூடாது" என்றாள்.

திவாகரனின் முகம் வெளுத்தது. பூசாரி, "என்னம்மா குறை?" என்றார். நளினி பட்டுச் சேலையில், இடப்பக்க மூக்குத்தியோடு, எதுவும் புரியாமல் எழுந்து நின்றாள். கல்யாணங்கள் நின்றுபோவது இப்படித்தான். காளிதாசன் மூன்றை நேரில் பார்த்திருக்கிறான், இரண்டைப் படமும் எடுத்திருக்கிறான்.

மருதம்மாள் நளினியைப் பார்த்தாள். அந்த மூக்கைப் பார்த்தாள். உணவகத்தில் முதல் முறை சந்தித்தபோது, "ஏம்மா இடது பக்கம் குத்தியிருக்க?" என்று அவளே கேட்டிருக்கிறாள், என்ன பதில் வந்தது என்பதும் அவளுக்கு நினைவிருந்திருக்க வேண்டும். இரண்டடி நடந்து மாலையை நளினியின் கழுத்தில் போட்டாள்.

"போனவங்களுக்கு எதுக்கு மாலை? அவுங்களுக்குப் போடறத அவுங்க பொண்ணுக்குப் போடறேன். அவுங்க வேணாம்னா சொல்வாங்க?"

கூட்டம் உருகிப் போயிற்று. இரண்டு கிழவிகள் மூக்கைச் சிந்தினார்கள். நளினி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். காளிதாசன் பட்டனை அழுத்தினான். அன்று எடுத்த நானூறு படங்களில் அதுதான் சிறந்தது. அதன் ஓரத்தில் சுவர்ப்படமும் விழுந்திருந்தது.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது கார் நிறுத்தும் முகப்பில் அவனைத் தனியாகப் பிடித்தாள்.

"பூஞ்சை?"

"அக்கா..."

"எத்தன வருஷமா எனக்கு வெளக்கேத்துறாங்க?"

"இருபத்திரண்டு."

"அதான் நான் இவ்வளவு ஆயுசா இருக்கேன் போல." சிரிக்கவில்லை. "எம்புருஷன் செத்தது பதினஞ்சு வருஷம் முன்னாடி. மாலை எனக்கு விழுந்துச்சு, ஆளு அவரு போயிட்டாரு. அப்படி நெனைக்கலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்க."

காளிதாசன் கேமராவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி அந்தப் புள்ளைக்கு நீங்களே சொல்லிருங்க. என் வீட்டுக்கு வந்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எனக்கே அது கற்பூரம் காட்ட முடியாது. நான் சொன்னா கல்யாணம் நிக்கும். நீங்க சொன்னா உங்க கடை நிக்கும். ரெண்டுல எது சல்லிசுன்னு பார்த்துக்குங்க."

அந்த மாதிரி பேரத்தை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. குறைத்துக் கேட்க இடமே இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை, காகித உறையை எடுத்துக்கொண்டு போனான். நளினி வேலையிலிருந்து வந்து, சீருடைகூட மாற்றாமல் அழைப்பிதழ்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். சின்னையா கதவருகே நின்றார், தடுக்கவில்லை. காளிதாசன் உறையை நீட்டினான்.

நளினி படத்தை வெளியே எடுத்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பெண். நளினியின் அதே தாடை, அதே மேலுதடு.

"இது யாரு அங்கிள்?"

அவன் சொன்னான். நெகட்டிவைப் புரட்டியதிலிருந்து மருதம்மாளின் ஒரு வெள்ளி வரை எல்லாவற்றையும் சொன்னான். நடுவில் எங்கேயாவது கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் கையிலிருந்த படத்தையும் சுவரில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

சின்னையா தலையாட்டினார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு அம்மா செஞ்சு குடுத்திருக்கீங்க." விரல் அவள் மூக்கின் இடப்பக்கத்துக்குப் போயிற்று. "அப்ப இது?"

"தப்புப் பக்கம்மா. பிலிம் மாறிப் போனதால..."

"அத்தைகிட்ட நான் எப்படி அங்கிள் சண்டை போடறது? மாமியார்னா நாலு சண்டை இருக்கும். எந்த மொகத்தப் பார்த்துப் போடுவேன்?" சிரிப்பு மாதிரி ஆரம்பித்தது, பாதியில் வேறாகிவிட்டது. முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். "இதுக்கு எவ்வளவு?"

"அப்பா அப்பவே குடுத்துட்டாரும்மா. டெலிவரிதான் லேட்டு."

புதிய படத்தை அவள் மேசைமேல் வைத்தாள். மாட்டவில்லை. சுவர்ப்படத்தின் மாலையைக் கழற்றினாள், பொட்டை நகத்தால் சுரண்டினாள். மேடு போயிற்று, சிவப்புத் தடம் போகவில்லை.

"உங்க அத்தை அந்தப் படத்தக் கேப்பாங்க" என்றான் காளிதாசன். "நான் எடுத்துட்டுப் போயி..."

"இல்ல. இது இங்கதான் இருக்கும். வெளக்கு ஏத்தல. மாலை போடல. ஆனா இது இங்கதான் இருக்கும்." பேனாவை எடுத்துக்கொண்டு மறுபடி அழைப்பிதழ் பக்கம் திரும்பினாள். "கல்யாணத்துக்கு வேற போட்டோக்காரரப் பார்த்துக்கறோம் அங்கிள். தப்பா நெனைக்காதீங்க."

சின்னையா மேசைக்கு வந்து, கண்ணை மூடாமல், அந்தக் கண் சுருக்கிய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காளிதாசன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

கடைக்கு வந்ததும் பழைய பெட்டியை இறக்கினான். மருதம்மாளுக்காவது அவள் கேட்ட காப்பியைப் போட்டுக் கொடுத்துவிட்டால் ஒரு பக்கமாவது கை கழுவலாம். நெகட்டிவை உறையிலிருந்து உருவி வெளிச்சத்தில் பிடித்தான். சரியான பக்கம்தானா என்று மூன்று முறை பார்த்தான். இடப்பக்கம் பழுதில்லை. வலப்பக்க ஓரத்திலிருந்து நாலு முகங்கள் வரைக்கும், மருதம்மாளையும் சேர்த்து, வெள்ளை வெள்ளையாக, நட்சத்திரம் நட்சத்திரமாக, கெடா ஈரத்தில் இருபத்திரண்டு வருஷம் நிதானமாக வளர்ந்த அசல் பூஞ்சை.

ரசீதுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, சின்னையாவின் ரசீது எண் 417-ஐ விரித்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் எழுதினான்:

சின்னையா, சிடாம் கிரி. முகம் 1, சட்டத்தோடு. வரவு வெ. 60. கொடுத்தது: முகம் 2. ஒன்று ஆள் மாறியது, ஒன்று தாமதம். கணக்கு நேர்.

மருதம்மாள், யான். முன்பணம் வெ. 1. கொடுத்தது: இல்லை. பாக்கி: முகம் 1.